வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறவருக்கு

நியமனக் கடிதம் கையில் கிடைத்து, பாடசாலை மல்லாவிக்கு உள்ளேயோ ஒட்டுசுட்டானுக்கு அப்பாலோ மடுப் பக்கமோ என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்பது எத்தனை மணிக்குப் பஸ் என்றுதான். அதற்கு அடுத்த கேள்வி, அங்கே ஆய்வுகூடம் இருக்கிறதா என்பது. "இருக்கு, ஆனால்..." என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கட்டடம் இருக்கும், தண்ணீர்க் குழாய் வேலை செய்யாது. அலுமாரி இருக்கும், திறப்பு யாரிடம் என்று தெரியாது. நுணுக்குக்காட்டி இருக்கும், வில்லையில் பூஞ்சணம் பிடித்திருக்கும். தரம் 11 வரை மட்டும் உள்ள சின்னப் பாடசாலை என்றால் வகுப்பறை மூலையில் கிடக்கும் ஒரு மேசைதான் ஆய்வுகூடம்.

அப்படியான பாடசாலைக்குப் போகிற, அல்லது ஏற்கெனவே அங்கே நின்று களைத்துப்போன ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு செய்முறை, ஒவ்வொரு வகுப்புக்கும், பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய வேண்டும். நீங்கள் முன்னால் நின்று செய்துகாட்டி அவர்கள் எட்டிப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. பொருள் இல்லை, நேரம் இல்லை, பிள்ளை வருவதில்லை, வாசிக்கத் தெரியாது, பரீட்சை நெருங்குகிறது என்று வருகிற ஒவ்வொரு பிரச்சினையையும் இந்த ஒன்றை எப்படிக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தோடு பாருங்கள், ஏதோ ஒரு வழி தெரியும். "இந்தப் பிள்ளையளுக்கு சயன்ஸ் ஏறாது" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். தண்ணீர்ப் பம்ப் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்கிற பிள்ளை உங்கள் தரம் 9 வகுப்பில் நிச்சயம் இருப்பான். அவன் செய்வது சோதனைதான், அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் இருப்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

அலுமாரியைத் திறப்பது

பல பாடசாலைகளில் பொருள் இல்லாததை விட, இருக்கிற பொருள் பூட்டிக் கிடப்பதுதான் பெரிய தடை. காரணம் சோம்பல் இல்லை, பயம். பொருட் பதிவேட்டில் கையெழுத்து வைத்தவர் முகவை உடைந்தால் தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார், அதனால் யாருக்கும் கொடுப்பதில்லை. புதிதாகப் போகிறவர் அதே பதிவேட்டைப் பாரம் எடுத்து அதே பயத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

போன முதல் வாரத்திலேயே அதிபரிடம் கேட்டு, இன்னொரு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு அலுமாரியில் உள்ளதை எண்ணுங்கள். தனியாக எண்ணாதீர்கள், பிறகு ஒன்று குறைந்தால் உங்கள் தலையில்தான் விழும். பாவிக்கக்கூடியது, திருத்தினால் பாவிக்கலாம், கழிக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுதி அதிபரின் கையெழுத்தை வாங்குங்கள். கண்ணாடிப் பொருட்கள், இரசாயனங்கள் போன்ற தீர்ந்துபோகிற, உடைகிற சாமான்களுக்கு வேறு பதிவேடு வையுங்கள். கூடவே ஒரு உடைவுக் கொப்பி: எந்தத் திகதி, எந்த வகுப்பு, எது உடைந்தது என்று ஒரு வரி, மாதக் கடைசியில் அதிபரின் சுருக்கொப்பம். அவ்வளவுதான். வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரும்போது அந்தக் கொப்பியைக் கொடுத்தால் பேச்சு நீளாது. வகுப்பில் உடைந்த சோதனைக்குழாய் பாடம் நடந்ததற்கான அத்தாட்சி என்று அதிபருக்கும் மெல்ல விளங்கிவிடும்.

லேபல் இல்லாத போத்தல்களை முகர்ந்து பார்த்தோ, "இது அமிலமாகத்தான் இருக்கும்" என்று ஊகித்தோ எடுக்க வேண்டாம். தனியாக ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆசிரிய ஆலோசகரிடம் கேளுங்கள்.

பாடசாலைக்குக் கற்பித்தல் பொருட்கள் வாங்கத் தரும் தர உள்ளீட்டு நிதி வரும்போது பெரும்பாலும் அவசரமாகத்தான் வரும், "நாளைக்குள் லிஸ்ற் தாங்கோ" என்பார்கள். அந்த நேரம் யோசித்தால் படம் ஒட்டிய சுவர்ப் பலகையும் யாரும் தொடாத பிளாஸ்திக் எலும்புக்கூடும்தான் வந்து சேரும். முதலாம் தவணையிலேயே பட்டியலை எழுதி மேசைக்குள் வைத்திருங்கள். முதலிடம் சோதனைக்குழாய்களுக்கு, பிறகு ஐதான ஐதரோகுளோரிக்கமிலம், நாகத் துண்டுகள், மகனீசியம் நாடா, அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பாசிச்சாயத் தாள், வெப்பமானி, நல்ல இணைப்பு வயர்கள். விலை கூடிய ஒரு கருவியை விட ஆறு குழுவுக்கும் பகிரக்கூடிய மலிவான பொருள் நல்லது.

நாற்பது நிமிடம்

ஒரு பாடவேளை 40 நிமிடம். பிள்ளைகள் வந்து இருந்து, சாமான் பங்கிட்டு, செய்து, கழுவி வைக்க அது போதாது. ஆகவே நேரசூசி போடும் காலத்தில், அதாவது வருடம் தொடங்கமுன், பிரதி அதிபரிடம் போய் ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமையில் ஒரு இரட்டைப் பாடவேளை கேளுங்கள். நேரசூசி சுவரில் ஒட்டிய பிறகு கேட்டால் யாரும் மாற்றித்தரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இரட்டைப் பாடவேளை காலை முதலாவதாக வேண்டாம், தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பாதிப் பேர் அப்போது வந்திருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசியும் வேண்டாம்.

நீண்ட செய்முறைகளைத் துண்டாக்கலாம். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சாடியில் உள்ள செடியை இரண்டு நாள் இருட்டில் வைப்பது ஒரு குழுவின் வேலை. இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மூடி வெயிலில் வைப்பது இன்னொரு குழுவின் வேலை, அது இடைவேளையில் நடக்கலாம். வகுப்பில் மிஞ்சுவது இலையை அவிப்பதும் நிறம் நீக்குவதும் அயடீன் விடுவதும்தான். நிறம் நீக்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: தண்ணீர் கொதித்ததும் சுடரை அணைத்துவிட்டு, பிறகுதான் மதுசாரம் உள்ள குழாயை அந்தச் சுடுநீருக்குள் இறக்க வேண்டும். மதுசாரத்தை நேரடியாகச் சுடரில் பிடிக்கவே கூடாது. ஆய்வுகூட அயடீன் இல்லையென்றால் மருந்துக்கடையில் புண்ணுக்குப் போட விற்கும் பொவிடோன் அயடீனை நீர்த்துப் பாவிக்கலாம், கருநீலம் நன்றாகவே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் செய்முறையையும் முதல்நாள் நீங்கள் ஒருதடவை செய்துபாருங்கள். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் செய்கிற பிளாஸ்திக் போத்தல் சோதனையையே எடுங்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்பினால் கீழ்த் துளையிலிருந்துதான் தண்ணீர் ஆகத் தூரம் பாயும், ஏனென்றால் ஆழம் கூடக்கூட அமுக்கம் கூடும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். போத்தலை மேசை நடுவில் வைத்துச் செய்தால், ஆகத் தூரம் போய் விழுவது நடுத் துளைத் தண்ணீர்! கீழ்த் துளையில் வேகம் கூடத்தான், ஆனால் அந்தத் தண்ணீர் மேசையில் விழுவதற்கு முன் பறக்க நேரமே இல்லை. போத்தலை மேசை விளிம்பில் வைத்து, கீழே நிலத்தில் விழவிட்டால் கீழ்த் துளை வெல்லும். முதல்நாள் செய்து பார்த்தவர் விளிம்பில் வைப்பார், அல்லது இரண்டு விதமாகவும் செய்துகாட்டி ஏன் என்று கேட்பார். பார்க்காதவர் வகுப்பு முன்னால் திணறி, "புத்தகத்தில உள்ளதை எழுதுங்கோ" என்று முடிப்பார். அந்த ஒரு வசனம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்ன? கண்ணால் கண்டதை விட அச்சடித்ததுதான் சரி என்று. விஞ்ஞானத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

கையில் கிடைப்பதை வைத்து

அந்தந்த வீட்டுப் பொருட்களே நிறையச் செய்யும். வெற்றிலைக்குப் பாவிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு லீற்றர்ப் போத்தல் தண்ணீரில் குலுக்கி இரவு முழுக்க அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு போத்தலில் வார்த்து இறுக மூடினால் சுண்ணாம்பு நீர் தயார். உறிஞ்சுகுழாயால் ஊதினால் பால் போல் கலங்கும். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது என்று தொடங்கமுன் இரண்டு தரம் சொல்லுங்கள். கேத்தலுக்குள் படிந்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டி வரச் சொல்லி அதில் வினாகிரி விட்டால் நுரைக்கும், வருகிற வாயுவை அதே சுண்ணாம்பு நீரில் விட்டுப் பார்க்கலாம். நம் கிணற்றுத் தண்ணீர் ஏன் வன்னீர், சவர்க்காரம் ஏன் நுரைப்பதில்லை என்ற பாடம் அங்கே தொடங்கிவிடும்.

பாசிச்சாயத் தாள் தீர்ந்துவிட்டால் செவ்வரத்தம்பூ. இதழ்களைச் சுடுநீரில் கசக்கி வடித்த சாறு தேசிக்காய்ச் சாற்றில் சிவக்கும், சுண்ணாம்பு நீரில் பச்சையாகும். இரண்டு நாளில் கெட்டுவிடும், அதனால் வடிதாளை அந்தச் சாற்றில் தோய்த்து நிழலில் காயவைத்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பகுப்பு எனக்கு மிகவும் பிடித்த பாடம், வன்னியில் அதைப் படிப்பிக்கக் கிடைப்பது ஒரு கொடுப்பினை என்றே சொல்வேன். ஆனையிறவில் உப்பளம் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1950களில் அமைத்து, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்து, கடுஞ்சோடாவும் குளோரீனும் எடுத்தார்கள், போரோடு அது நின்றுபோனது. பிள்ளைகளில் பலர் அந்த இடத்தைக் கடந்து பஸ்ஸில் போயிருப்பார்கள், அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. சின்னப் பிளாஸ்திக் கோப்பையில் உப்புநீரும் செவ்வரத்தம்பூச் சாறும் விட்டு, இரண்டு பென்சிலை இருபக்கமும் சீவி மின்வாய்களாக வைத்து, 9 வோல்ற்று பற்றரியை இணையுங்கள். கதோட்டுப் பக்கம், அதாவது பற்றரியின் மறை முனையோடு இணைத்த பென்சில் பக்கம், சாறு பச்சையாகத் தொடங்கும், அங்கே கடுஞ்சோடா உருவாகிறது. நேர் முனையோடு இணைத்த அனோட்டுப் பக்கம் நிறம் வெளிறும், நீச்சல்தடாக வாசனை போல ஒன்று வரும், அது குளோரீன். சிறிய அளவில், யன்னல் பக்கத்தில், ஓரிரண்டு நிமிடம் போதும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோக விடாதீர்கள். அதற்குப் பிறகு பரந்தனைப் பற்றிச் சொன்னால் அந்த வகுப்பில் ஒருவர் கூட மறக்கமாட்டார்கள்.

உப்பளமும் அதேபோல. பெரிய பாத்தி, அடுத்த பாத்தி, சின்னப் பாத்தி என்று கடல்நீர் மாறி மாறி வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்று படிகிறது, அடுத்ததில் கல்சியம் சல்பேற்று, கடைசியில்தான் உப்பு. எடுத்த உப்பைக் குவித்து மாதக்கணக்கில் விடுவது ஏன் என்று கேளுங்கள். ஈரத்தை இழுக்கும் மகனீசிய உப்புகள் கழிந்துபோகத்தான். ஆனையிறவைத் தாண்டும்போது பஸ் யன்னலால் பார்த்த குவியல் அன்றைக்குப் பாடமாகும்.

அமுக்கத்துக்கு இரணைமடுக் குளம். மழைக்காலத்தில் குளம் எத்தனை அடி என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும், 36 அடி என்றால் நிறைகுளம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 36 அடி ஏறக்குறைய 11 மீற்றர். ஆழம் 11, நீரின் அடர்த்தி 1000, ஈர்ப்பு ஆர்முடுகல் 10 என்று பெருக்கினால் 110 000 பஸ்கால். அதாவது வளிமண்டல அமுக்கத்தின் மேல் இன்னொரு வளிமண்டலம் ஏறி நிற்கிற மாதிரி. குளக்கட்டின் அடி ஏன் அவ்வளவு அகலம் என்பதை இதற்குப் பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர்கள் சொல்வார்கள். சேற்று வயலில் உழவு இயந்திரத்துக்கு ஏன் அகலமான இரும்புச் சில்லுப் பூட்டுகிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். மன்னார்ப் பிள்ளைகளுக்குச் சக்தி அலகு வரும்போது தம்பபவனி காற்றாலைகள் கண்ணெதிரே இருக்கின்றன: ஒன்று 3.45 மெகாவாற்று, மொத்தம் 30. பெருக்கச் சொல்லுங்கள், 103.5 வரும்.

எழுத்தும் கணக்கும்

தரம் 8, 9க்கு வந்தும் பாடப்புத்தகத்தைச் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். இது உங்கள் குற்றமில்லை, அவர்களின் குற்றமும் இல்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியர் "நான் தமிழ் ரீச்சர் இல்லை" என்று விட்டால் அந்தப் பிள்ளை உங்கள் பாடத்தையும் இழந்துவிடும். ஒவ்வொரு செயற்பாட்டையும் செய்யமுன் ஐந்து நிமிடம் இருவர் இருவராகச் சத்தமாக வாசிக்க விடுங்கள், வாசிக்கத் தெரிந்தவரோடு தெரியாதவர். ஒரு பாடத்தில் புதுச் சொல் ஐந்துக்கு மேல் வேண்டாம், அவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அவதானத்தை வசனமாக எழுத முடியாத பிள்ளை படமாக வரையட்டும், வாயால் சொல்லட்டும், அதற்கும் புள்ளி கொடுங்கள்.

ஆங்கில எழுத்துச் சிக்கல் வேறொன்று. இரசாயனக் குறியீடுகள் வரும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிரித்தறியாத பிள்ளை கோபோல்ற்றை (Co) எழுதப்போய்க் காபனோரொட்சைட்டை (CO) எழுதிவைப்பான், பிறகு சமன்பாடு முழுக்கக் குழம்பும். தரம் 6, 7இலேயே ஆங்கில ஆசிரியரோடு பேசி இதைச் சரிசெய்வது தரம் 10இல் அழுவதை விட நல்லது. கணித ஆசிரியரோடும் பேசுங்கள். இயக்கம் பற்றிய அலகு தொடங்கமுன் வரைபும் படித்திறனும் முடிந்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை குறையும்.

வயல், மழை, வராத பிள்ளைகள்

பெரும்போக அறுவடைக் காலத்தில் வகுப்பில் பாதி வாங்கு காலியாக இருக்கும். கார்த்திகை மார்கழியில் மழை; 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரவுப் புத்தகத்தைக் காட்டித் திட்டுவதால் பிள்ளை வரப்போவதில்லை, வீட்டில் கை தேவைப்படுகிறது. வருட வேலைத்திட்டத்தை எழுதும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். சங்கிலி போலத் தொடர்கிற கடினமான அலகை அறுவடை வாரங்களில் வைக்காமல், ஒருநாள் தவறினாலும் பிடிக்கக்கூடிய துண்டு துண்டான பாடங்களை வையுங்கள். மழைக்காலத்தில் குளத்துநீர்த் துளியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, வித்து முளைத்தல், சூழற்றொகுதி. பனங்கொட்டையைக் கிழங்குக்காகப் புதைக்கும் பருவத்தில் முளைத்தலைப் படிப்பிப்பதை விட வேறென்ன வசதி வேண்டும்? வெயில் காலத்தில் ஆவியாதல், உப்பு, ஒளி. மன்னார்ப் பக்கம் என்றால் வங்காலைச் சரணாலயத்துக்கு வலசைப் பறவைகள் வரும் மாதங்களை விடாதீர்கள்.

காலை சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாம் பாடவேளையில் தலையை மேசையில் சாய்த்துக் கிடக்கிற பிள்ளையைக் கவனக்குறைவு என்று எழுதமுன் ஒருதரம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வெளியே அனுப்பும்போது

இது வன்னிக்கென்றே உள்ள விஷயம், விட்டுவிட முடியாது. வேறு ஊரில் ஒரு ஆசிரியர் "ஏதாவது உலோகத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சாதாரணமாகச் சொல்லலாம். இங்கே அப்படிச் சொல்லவே கூடாது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்தால் மண் அரித்து வெடிக்காத பொருட்கள் மேலே வரலாம், பழைய இரும்பு பொறுக்கும் பழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. உலோகம் தேவை என்றால் "வீட்டுக் குசினியில் உள்ள ஆணி, கரண்டி, வயர்த் துண்டு" என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மண் மாதிரி, செடி, பூச்சி சேகரிக்க விடும்போது பாடசாலை வளவு, வீட்டு வளவு, உழுத வயல் வரம்பு என்று எல்லை சொல்லுங்கள். அடையாளம் தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லி, பொலிஸுக்கு 119இல் அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தவணை முதல் வகுப்பிலும் சொல்லுங்கள். அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்துக்குள் என்றால் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், குழாய் வேலை செய்யாத இடத்தில் இரண்டு. அமிலத்தைத் தண்ணீரில் மெல்ல விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. பற்றரி அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் வெளிற்றும் திரவத்தையும் கலந்தால் குளோரீன் கிளம்பும் என்பதை வீட்டிலும் சொல்லச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கம் கதவில் எழுதியிருக்கட்டும்.

தாண்டிப் போகிற அலகு

மனித இனப்பெருக்கம் வரும்போது "வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. படிப்பிக்காமல் விடுவதால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில்லை, போனிலிருந்து பிழையாகத் தெரிந்துகொள்கிறார்கள். இளவயதுத் திருமணத்தால் படிப்பை விட்ட பிள்ளையைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இந்த அலகின் பெறுமதி தெரியும். அதிபருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஆண் ஆசிரியர் என்றால் ஒரு ஆசிரியையைக் கூட வைத்துக்கொள்ளலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை அழைக்க முடியும், பிள்ளைகள் அவரிடம் மனம்விட்டுக் கேட்பார்கள். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள், முதல் பாடத்தில் சிரிப்பு வரும், வரட்டும். படத்தைக் கரும்பலகையில் வரையும்போது இருதயத்தை வரைகிற அதே முகத்தோடு வரையுங்கள்.

தனியாக நிற்க வேண்டாம்

பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்பது சாதாரணம். உயிரியல் படித்தவர் மின்னியலைக் கண்டு தயங்குவதும், விவசாயம் படித்தவர் இரசாயனச் சமன்பாட்டில் தடுமாறுவதும் வெட்கப்பட வேண்டியதில்லை. பயமான அலகை அடுத்த பாடசாலையில் அதில் கெட்டிக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள்: ஒரு சனிக்கிழமை அவர் உங்களுக்குச் சுற்றுகளைச் செய்துகாட்டட்டும், நீங்கள் அவருக்கு வெங்காய மேற்றோல் உரிக்கக் காட்டுங்கள். கோட்டத்துக்குள் நாலைந்து விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்தால் ஒரு வட்ஸ்அப் குழு போதும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையின் ஆய்வுகூடத்தை ஒருநாள் கேட்க அதிபரின் கடிதம் வேண்டும், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியும், வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தரம் 10 பிள்ளைகளை ஒருதரம் அறிவியல் நகருக்குக் கூட்டிப்போங்கள், தங்கள் ஊர் ரோட்டில் ஒரு பொறியியல் பீடம் இருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

பரீட்சையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. "சாதாரண தரம் கிட்ட வருது, செய்முறைக்கு நேரமில்லை" என்பார்கள். இரண்டாம் தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களை எடுத்துப் பாருங்கள், உபகரண அமைப்பைப் படமாகக் கொடுத்து என்ன நடக்கும், ஏன் என்று கேட்பது எத்தனை. கையால் செய்த பிள்ளைக்கு அது ஞாபகம், செய்யாத பிள்ளைக்கு அது மனப்பாடம். முதலாம் தாளின் 40 பல்தேர்வு வினாக்களுக்குப் பயிற்சி வேண்டும்தான், அதைத் தரம் 10இலேயே அலகு முடிய முடியச் செய்யுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையில் எந்த வினாவில் பிள்ளைகள் கூடுதலாக விழுந்தார்கள் என்று இருக்கும், அதை வாசித்தால் ரியூசன் நோட்ஸைக் கட்டி அழ வேண்டியதில்லை.

இடமாற்றத்துக்கு முன்

கஷ்டப் பிரதேச சேவை முடிந்ததும் நீங்கள் போவீர்கள். வீடு யாழ்ப்பாணத்தில், பிள்ளை சின்னது, தினம் ஏ9 வீதியில் விடிய எழும்பிப் பஸ் பிடிப்பது எவ்வளவு களைப்பு என்று தெரியாதவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள். முடியுமானால் முதல் வருடமாவது கிழமை நாட்களில் அங்கேயே தங்குங்கள், பின்னேரம் ஒரு மணித்தியாலம் அடுத்த நாள் செய்முறையை ஆயத்தம் செய்யக் கிடைக்கும், பெற்றோரையும் தெரியவரும்.

போகும்போது ஒரு குறிப்புக் கோவையை வைத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அடுத்தவர் மறுபடி பூட்டிய அலுமாரியிலிருந்துதான் தொடங்குவார். முதல்நாளே ஆரம்பித்து ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு தாள் எழுதி வந்தால் போதும்: என்ன அலகு, என்ன சாமான், அது எந்தத் தட்டில் இருக்கிறது, இல்லையென்றால் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும், எத்தனை நிமிடம் எடுத்தது, எந்த இடத்தில் பிழைக்கும், பிள்ளைகள் என்ன கேட்டார்கள். உடைவுக் கொப்பி, வாங்க வேண்டிய பட்டியல், அயல் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களைத் தொடர்புகொள்ளும் வழி, எந்தப் பிள்ளைக்கு வாசிப்பு உதவி வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் அதற்குள் இருக்கட்டும். அதிபர் முன்னிலையில் புது ஆசிரியரிடம் அலுமாரித் திறப்போடு சேர்த்துக் கையளியுங்கள், புது ஆசிரியர் இன்னும் வரவில்லை என்றால் அதிபரிடமே கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.